குந்தவை கொல்லவில்லை

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஒரு காலத்தில் சென்னையில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. நந்தினி என்றார்கள். பெரிய பழுவேட்டரையர் என்றார்கள். ரவிதாசன் கூட்டம் என்றார்கள். இப்போது மயிலாப்பூர் மாட வீதியில் கேட்டாலும், பாண்டி பஜாரில் கேட்டாலும், அடையாறில் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டாலும் ஒரு பதில்தான் முந்திக்கொண்டு வருகிறது: “ராஜராஜனும் குந்தவையும்தான். இதுகூடத் தெரியாதா?” யாரும் இதை ஊகமாகச் சொல்வதில்லை. கல்கி மறைத்தார், வரலாற்றாசிரியர்கள் மழுப்பினார்கள், நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு, தெரிந்த உண்மையாகவே சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. இதற்குச் சான்று போதாது என்று மென்மையாகச் சொல்லி நகர எனக்கு விருப்பமில்லை. கையில் இருக்கும் சான்றுகளுக்கு நேர் எதிராக இது போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணின் மீதும் அவள் தம்பியின் மீதும் உடன்பிறந்தவனைக் கொன்ற பழியைச் சுமத்துகிறோம். அவர்கள் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. அதனாலேயே சொல்லுகிற நாம் இரட்டிப்புப் பொறுப்போடு பேச வேண்டும்.

முதலில், இந்தக் கேள்வி நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவல் தொடராக வந்தது. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகும் இடத்தை எழுதும்போது கல்கி விளக்கை அணைத்துவிட்டார். அந்த அறையிலும் அதன் மறைவிடங்களிலும் நந்தினி இருக்கிறாள், வந்தியத்தேவன் இருக்கிறான், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார், சதிகாரர்கள் சுற்றி நிற்கிறார்கள். இருட்டில் இளவரசன் விழுகிறான். வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. பாதாளச் சிறைக்குப் போகிறான். பெரிய பழுவேட்டரையர் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அடித்தது எந்தக் கை என்பதை மட்டும் ஆசிரியர் இறுதிவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை.

வாரா வாரம் இதழுக்குக் காத்திருந்த வாசகர்களிடம் அன்று தொடங்கிய வாதம் தலைமுறை தாண்டி வந்தது. தி. நகர் தீனதயாளு தெருவிலிருந்து வானதி பதிப்பகம் ஐந்து பாகங்களையும் திரும்பத் திரும்ப அச்சிட்டது. 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலிலும் 2014இல் மியூசிக் அகாடமியிலும் மேஜிக் லேன்டர்ன் குழுவினர் நாடகமாக நடித்தார்கள். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் அதே கேள்வியோடுதான் வந்தார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுபது ஆண்டுகளாக ஒரு சமூகம் முழுவதையும் பேசவைத்த படைப்பு அது.

ஆனால் வழியில் ஒரு தடமாற்றம் நடந்தது. நாவலுக்குள் இருந்த புதிரை நாவலுக்கு வெளியே, பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டின் மீது, அப்படியே தூக்கி வைத்துவிட்டோம். ‘காலச்சக்கரம்’ நரசிம்மாவின் ‘சங்கதாரா’ போன்ற நாவல்கள் குந்தவையின் பக்கம் விரலை நீட்டின. நாவலாசிரியருக்கு அந்த உரிமை முழுமையாக உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நாவலைப் படித்துவிட்டு வரலாறு தெரிந்துவிட்டது என்று பேசுகிறவர்களைத்தான் மறுக்கிறேன்.

அவர்கள் வைக்கும் வாதங்களை அவற்றின் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம் பயன் பற்றியது. அண்ணன் செத்ததால் அரியணை யாருக்குக் கிடைத்தது? அருள்மொழிக்கு, அதாவது பின்னாளில் ராஜராஜன் ஆனவனுக்கு. ஆகவே அவனும், அவனை வழிநடத்திய குந்தவையும்தான் கொலைக்குக் காரணம். இரண்டாவது, தண்டனை பற்றியது. கொலைகாரர்களின் தலையை வாங்காமல் சொத்தை மட்டும் பறித்தான் ராஜராஜன். கூட்டாளிகளிடம்தான் இத்தனை கருணை காட்ட முடியும். மூன்றாவது, மௌனம் பற்றியது. திருவாலங்காட்டுச் செப்பேடு, வானுலகைக் காணும் ஆசையால் ஆதித்தன் போய்விட்டான் என்ற பொருளில் கவித்துவமாகச் சொல்லி நழுவுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் தாய் தந்தையருக்குப் படிமம் எடுத்த குந்தவை அண்ணனுக்கு எடுத்ததாகக் கல்வெட்டு இல்லை. குற்ற உணர்ச்சிதான் வாயை அடைத்தது என்கிறார்கள்.

பயனிலிருந்து தொடங்குவோம். ஆதித்த கரிகாலன் இறந்தது 969ஐ ஒட்டி. ராஜராஜன் முடிசூடியது 985இல். இடையில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அரியணையில் இருந்தவர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனான உத்தம சோழர். இது ராஜராஜனின் புகழ்பாடிகள் சொல்லி நாம் நம்புகிற செய்தி இல்லை. உத்தம சோழரின் கல்வெட்டுகள் ஊர் ஊராக இருக்கின்றன. அவர் பெயர் பொறித்த காசு கிடைத்திருக்கிறது. அவருடைய 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்றே ஆய்வாளர்களிடம் பெயர் பெற்றிருக்கிறது. எழும்பூருக்குப் போகிற எவரும் விசாரிக்கலாம்.

அண்ணனைக் கொல்லும் துணிச்சல் உள்ள ஒருவன், கொன்ற பிறகு சிற்றப்பனை அரியணையில் ஏற்றிவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் காத்திருப்பானா? அந்தச் சிற்றப்பனுக்கு மகன் இருந்தான். அரியணை அந்தக் கிளையிலேயே நிலைத்துவிடும் வாய்ப்பு ஒவ்வொரு ஆண்டும் கூடிக்கொண்டே போயிருக்கும். அரியணைக்காகக் கொலை செய்தவன் அரியணையைக் கைமாற்றிக் கொடுத்தான் என்பது கதைக்கு வேண்டுமானால் சுவையாக இருக்கலாம். மனித நடத்தைக்குப் பொருந்தவில்லை. “அது நீண்ட காலத் திட்டம்” என்று பதில் சொல்வார்கள். எந்தச் செய்தி வந்தாலும் வளைந்து கொடுத்து உயிர் பிழைக்கும் கருத்துக்கு, எந்தச் செய்தியாலும் வலு சேர்ந்துவிடாது.

பயன் பெற்றவனே கொலையாளி என்ற விதியை நேர்மையாகக் கடைப்பிடித்தால் முதலில் மாட்ட வேண்டியவர் உத்தம சோழர். உண்மையில் கல்விப்புலத்தில் சந்தேகம் முதலில் அவர் மீதுதான் விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, கொலையில் உத்தம சோழருக்குப் பங்கில்லை என்று விட்டுவிட முடியாது என்ற கருத்தை முன்வைத்தார். உத்தம சோழர் ஆட்சி முழுதும் கொலையாளிகள் தண்டனை பெறாமல் இருந்தது ஏன் என்பது சாஸ்திரியாரின் கேள்வி. மிகப் பெரிய அறிஞர். சோழர் வரலாற்றுக்கு அடித்தளம் போட்டவர். ஆனாலும் இந்த இடத்தில் அவர் தாண்டியது பெரிய தாண்டல். கல்வெட்டறிஞர் குடவாயில் பாலசுப்பிரமணியன், கொலையாளிகளின் பெயர் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டை (அதற்குப் பின்னர் வருகிறேன்) மீண்டும் வரி வரியாகப் படித்து அந்த முடிவை மறுத்தார். உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிருவாகங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான். ராஜராஜன் தன் மகனுக்கு வைத்த பெயரும் உத்தம சோழரின் பெயரான மதுராந்தகன்தான். அவனே பின்னாளில் ராஜேந்திரன். அது குடும்பத்தில் முன்பே வழங்கிய பெயர்தான் என்றாலும், அண்ணனைக் கொல்வித்தவர் என்று நம்புகிற ஒருவரின் பெயரை யாரும் தம் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள்.

ஒரே விதி முதலில் சித்தப்பாவைக் குற்றவாளி ஆக்குகிறது, பிறகு தம்பியை ஆக்குகிறது. எவரை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கும் விதி எவருடைய குற்றத்தையும் நிரூபிப்பதில்லை.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். இங்கேதான் வழக்கின் ஒரே நேரடி ஆவணம் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வருகிறானே, அதே வீராணம் ஏரிக்கரைப் பகுதி. 2004 முதல் சென்னைக் குழாய்களில் வருகிற தண்ணீரில் அந்த ஏரியின் நீரும் கலந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோயிலின் கல்வெட்டை அறிந்தவர்கள் சென்னையில் எத்தனை பேர்? 1920ஆம் ஆண்டுத் தொகுப்பில் 577ஆம் எண்ணாகப் படியெடுக்கப்பட்டு, பின்னர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் வெளியானது அது.

ராஜகேசரியின், அதாவது ராஜராஜனின், இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை இருக்கிறது. பாண்டியனின் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அது சிலரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராஜன். இவர்களோடு பிள்ளைகள், மனைவியர், தாய்மார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் எனச் சுற்றம் முழுவதன் உடைமையும் அந்த ஆணைக்குள் வருகிறது. பறிமுதலான நிலம் விலைக்குப் போய், வாங்கியவர் அதைக் கோயில் அறத்துக்கு எழுதிவைத்ததும் அதே கல்லில் இருக்கிறது.

இதைக் கருணை என்கிறார்கள். ஒரு குடும்பத்தை அதன் கொண்டான் கொடுத்தான் உட்பட வேரோடு பிடுங்கி எறியும் ஆணை இது. உயிரை ஏன் வாங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்தக் காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. குற்றவாளிகள் பிராமணர்கள், பிராமணனுக்கு மரண தண்டனை கூடாது, நாட்டை விட்டு வெளியேற்றலாம் என்பது தரும சாத்திரங்கள் வகுத்த விதி. அந்த விதி அநீதியானது. ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனை கொடுத்த ஒழுங்கை இன்று யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். அதைக் கண்டிக்க வேண்டும் என்றால் ராஜராஜன் அந்த ஒழுங்குக்குள் நின்று ஆண்டான் என்று கண்டியுங்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பின்பற்றியதாலேயே அவன் கொலையில் கூட்டாளி என்று முடிவு கட்டுவதற்கு அடிப்படையே இல்லை. அப்படிப் பார்த்தால் சாத்திர விதியை மதித்த ஒவ்வோர் அரசனும் தன் நாட்டில் நடந்த ஒவ்வொரு குற்றத்துக்கும் உடந்தை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கொலை நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நடுவில் ஒரு முழு ஆட்சி கடந்துவிட்டது. கொலையில் தனக்குப் பங்கு இருந்தால், புதிதாக அரியணை ஏறியவன் செய்யக்கூடிய மிக எளிய காரியம் பேசாமல் இருப்பது. எல்லோரும் மறந்துகொண்டிருந்ததை யார் கிளறுவார்கள்? ராஜராஜன் கிளறினான். ஆட்சிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், குற்றவாளிகளின் பெயரோடு, அவர்களுக்குக் கிடைத்திருந்த பட்டங்களையும் மறைக்காமல், சபைக்கு ஆணை அனுப்பினான். அது கோயில் சுவரில் கல்லாக நின்றது. குற்றவாளி தன் குற்றத்தின் வழக்கைத் தானே தோண்டி எடுத்து, கூட்டாளிகளின் சொத்தைப் பறித்து, அவர்கள் வாய் திறக்க எல்லாக் காரணமும் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்டவிட்டான் என்று நம்பச் சொல்கிறார்கள். அதை நம்புவதற்கு எந்தச் சான்றும் அவர்களிடம் இல்லை.

மூன்றாவது, மௌனம். திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜேந்திரன் காலத்தது. மகன் தன் தந்தையைப் புகழ்ந்து எழுதுவித்தது. குடிமக்கள் அழைத்தும், சிற்றப்பன் ஆட்சியை விரும்பும் வரை அருள்மொழி அரியணையை மனத்தாலும் நினைக்கவில்லை என்று அது சொல்கிறது. சாதகமான சாட்சி சொல்வது சாதகமாகத்தான் இருக்கும் என்று எதிர்த்தரப்பு சொன்னால், ஏற்கிறேன். அந்தப் புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டே வாதாடலாம். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குச் செப்பேட்டின் துணை வேண்டியதில்லை. ஆனால் சாவைக் கவித்துவமாகச் சொன்னதையே குற்றத்துக்குச் சான்றாக்குவது வேறு கதை. அரசர்களின் சாவை விண்ணுலகப் பயணமாகப் பாடுவது வடமொழிப் பிரசஸ்திகளின் வழக்கம். போர்க்களத்தில் செத்தவனுக்கும் நோயில் செத்தவனுக்கும் அதே மொழிதான்.

குந்தவை பெற்றோருக்குப் படிமம் எடுத்தாள். தந்தையின் பெயரில் தஞ்சையில் ஆதுலசாலை என்னும் மருத்துவமனை அமைத்தாள். அண்ணனுக்குப் படிமம் எடுத்ததாகச் செய்தி இல்லை. இதிலிருந்து கொலை வரை போவதற்கு எத்தனை படிகள் வேண்டும் என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். சோழ நாட்டில் எத்தனை கோயில்கள் இடிந்து, திருப்பணியில் கல் மாறி, கல்வெட்டுகள் தலைகீழாகவும் பாதியாகவும் போயிருக்கின்றன என்பது கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு நாள் சுற்றியவர்களுக்கே தெரியும். கிடைக்காத கல்லைக் கொண்டு ஒருத்தியைக் கொலைகாரி ஆக்க முடியாது.

நடுநிலை கருதி, ராஜராஜனின் ரசிகர்கள் சொல்லும் ஒரு கருத்தையும் இங்கே மறுக்க வேண்டும். அவன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தது அண்ணனின் கொலைக்குப் பழிவாங்கத்தான், கொலையாளிகள் அங்கே பயின்றவர்கள் என்று மேடைகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டில் காந்தளூர் இல்லை. மெய்க்கீர்த்தியில் ரவிதாசன் இல்லை. வீரபாண்டியனின் தலையைக் கொண்டதற்குப் பாண்டியர் பக்கம் எடுத்த பழிதான் கொலை என்பதும் ஊகமே. கல்கி அதை எடுத்துக்கொண்டு பாண்டியனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளின் சதியாக வளர்த்தார். இந்த ஊகத்துக்காவது ஒரு பகையின் பின்னணி இருக்கிறது. ஆனாலும் கல் சொல்வது கொன்றவர்களின் பெயரை மட்டுமே. காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை நாம் எழுதிச் சேர்த்துவிட்டு அதைக் கல்லின் வாக்குமூலம் என்று காட்டக் கூடாது. எனக்குப் பிடித்த தரப்புக்கும் இதே அளவுகோல்தான்.

இத்தனை தெளிவாகப் பெயர் எழுதப்பட்ட ஒரு கொலையில், அந்தப் பெயர்களை ஏன் யாரும் ஏற்பதில்லை? என் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். புனைவின் சட்டத்தை வரலாற்றுக்குப் போட்டதுதான் காரணம் என்பது என் பதில்.

பொன்னியின் செல்வன் முதல் படம் வந்த அதே 2022இல் ‘எல்டன் ரிங்’ என்ற கற்பனை உலக வீடியோ விளையாட்டு வந்தது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் இருபது வயதுப் பிள்ளைகள் பலர் இரவெல்லாம் அதில் கிடந்தார்கள். அந்த உலகத்திலும் ஓர் இளவரசன் கொலை உண்டு. கருங்கத்தி இரவில் காட்வின் என்ற பொன் இளவரசன் கொல்லப்படுகிறான். கொலைக்குத் திட்டம் வகுத்ததை ரானி என்ற பாத்திரம் ஒப்புக்கொள்கிறது. இருந்தும் ரசிகர்கள் விடவில்லை. கொலையாளிப் பெண்கள் அரசி மரிகாவுக்கு நெருங்கியவர்கள் என்று ஒரு பொருளின் குறிப்பில் வருகிறது. ஆகவே தாயே மகனைக் கொல்வித்தாளா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அங்கே அந்த வாதம் முற்றிலும் நியாயமானது. அந்த உலகத்தின் ஒவ்வொரு வாளுக்கும் ஒவ்வொரு மோதிரத்துக்கும் கீழே உள்ள குறிப்பை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். துப்பு என்று எது கண்ணில் பட்டாலும் அது நமக்காக வைக்கப்பட்ட துப்பாக இருக்கலாம். வில்லன் நமக்குத் தெரிந்த பாத்திரங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவன் கடைசிக் காட்சியில் வந்து நான்தான் வில்லன் என்றால் ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்கள்.

வரலாற்றுக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. உடையார்குடிக் கல்வெட்டை வெட்டியவர் நமக்குத் துப்புக் கொடுப்பதற்காக வெட்டவில்லை. நில உரிமை பிற்காலத்தில் தகராறு ஆகக் கூடாது என்பதற்காக வெட்டினார். வரலாற்றில் கொலை செய்பவன் பெரிய பாத்திரமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பெயரும் ஒரு பட்டமும் தவிர வேறெதுவும் நமக்கு எஞ்சாத ஓர் அதிகாரி, ஒரு பேரரசின் இளவரசனைக் கொன்றிருக்கலாம். ரவிதாசனும் சோமனும் நம் மனத்துக்குப் போதவில்லை. அவ்வளவு பெரிய வீரனை இவ்வளவு சிறிய பெயர்கள் வீழ்த்தியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. சாவுக்குத் தகுந்த அளவில் ஒரு கொலையாளி வேண்டும் என்று தேடுகிறோம். கதையில் மிகப் பிரகாசமானவள் குந்தவை என்பதால் அவள் கையில் கத்தியைக் கொடுக்கிறோம். யார் மீது சந்தேகமே வராதோ அவர்தான் குற்றவாளி என்பது துப்பறியும் நாவல் கற்றுத்தந்த பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டு உண்மையான மனிதர்களைத் தண்டிப்பது அநியாயம்.

இதில் என்ன பெரிய கேடு, சோழர்கள் செத்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு வியன்னாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1791இல் மொசார்ட் நோயில் இறந்தார். பின்னர் சாலியேரி என்ற இசைமேதை அவருக்கு நஞ்சு வைத்தார் என்ற வதந்தி எழுந்தது. 1830இல் புஷ்கின் அதை நாடகமாக்கினார். 1979இல் பீட்டர் ஷாஃபர் மீண்டும் நாடகமாக்கினார். 1984இல் அது ‘அமாடியஸ்’ என்ற படமாகி உலகெங்கும் போனது. எதுவும் சான்றின் மேல் நின்றதல்ல. மொசார்ட்டின் இளைய மகனுக்கே இசை சொல்லிக்கொடுத்தவர் சாலியேரி. பீத்தோவனும் ஷூபர்ட்டும் அவர் மாணவர்கள். இன்று அவர் பெயரைக் கேட்டால் உலகத்துக்கு நினைவு வருவது நஞ்சு. மூன்று நல்ல கலைப்படைப்புகள் சேர்ந்து ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் அழித்துவிட்டன. குந்தவைக்கு நாம் இப்போது செய்துகொண்டிருப்பது இதைத்தான். ஆதுலசாலை கண்டவள், தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் பெயரால் கொடைகளை நிறுவி நின்ற பெண். அடுத்த தலைமுறைக்கு அவள் அண்ணனைக் கொன்றவளாகப் போய்ச் சேரப் போகிறாள். அதிகாரத்தில் இருந்த பெண் என்றால் திரைமறைவில் சதி செய்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணமும் இதில் ஒளிந்திருக்கிறது. அதை நாம் உணரவில்லை என்பது இன்னும் வருத்தம்.

கல்கிக்கும் இதில் அநீதி நடக்கிறது. அவர் உண்மையை மறைத்தார் என்கிறார்கள். ரவிதாசன், சோமன் என்ற பெயர்களைக் கல்வெட்டிலிருந்து எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நாவலின் நடுவில் நடமாடவிட்டவர் அவர். விளக்கை அணைத்தது மழுப்புவதற்காக அல்ல. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி என்று உணர வேண்டும் என்பதற்காகவே அந்த இருட்டு. பழிக்காக வாழ்ந்த நந்தினி, மோகத்தால் கண் மறைந்த பழுவேட்டரையர், காக்க வந்து காக்க முடியாமல் போன வந்தியத்தேவன், எல்லாவற்றையும் விட, வீரபாண்டியனின் தலையை வெட்டிய நாளிலிருந்து உள்ளே எரிந்துகொண்டிருந்த கரிகாலன். கை யாருடையது என்று துருவித் துருவிக் கேட்பவர் இந்த நால்வரின் மனத்தையும் படிக்காமல் விட்டுவிடுகிறார். ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘தியாக சிகரம்’. நாவல் முடிவதே கையில் வந்த மகுடத்தை அருள்மொழி இன்னொருவர் தலையில் வைப்பதில்தான். அந்த முடிவைப் படித்த பிறகும், மகுடத்துக்காக அண்ணனைக் கொன்றவன் அவன்தான் என்று அதே நாவலின் ரசிகர்கள் சொல்வது, படித்த புத்தகத்துக்கே செய்யும் துரோகம்.

வாதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாவலைப் பற்றி இரவு முழுக்க வாதிடுங்கள். நந்தினியா பழுவேட்டரையரா என்று சண்டை போடுங்கள். அது வாசிப்பின் இன்பம். வரலாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கும் கணத்தில் மட்டும் சட்டம் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் “குந்தவைதான்” என்று சொன்னால், எந்தக் கல்லில் என்று கேளுங்கள். எந்த ஆட்சியாண்டு, யார் படியெடுத்தது என்று கேளுங்கள். தி. நகர் தக்கர் பாபா வித்யாலயத்திலும் மயிலாப்பூர் அரங்குகளிலும் கல்வெட்டறிஞர்கள் பொதுமக்களுக்காகப் பேசியிருக்கிறார்கள். அத்தகைய கூட்டங்களில் போய் இந்தக் கேள்வியைப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடையார்குடிக்குப் போங்கள். சென்னையிலிருந்து ஒரு நாள் பயணம்தான்.

கொன்றவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் குந்தவை இல்லை, ராஜராஜன் இல்லை, உத்தம சோழரும் இல்லை. புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க விரும்புகிறவர்தான் சான்று கொண்டுவர வேண்டும். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் கடமை இறந்தவர்களுக்கு இல்லை. அப்படியொரு சான்று வரும் நாளில் நானே என் கருத்தை மாற்றிக்கொள்வேன். இன்றுவரை வரவில்லை. ஆகவே சொல்கிறேன்: குந்தவை கொல்லவில்லை.